அரையிறுதியில் தம்பி பேசிய தமிழ்

என் தம்பி அமெரிக்க ஃபுட்பால் விளையாடுகிறான் என்று சொன்னால், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டூங்கபியில் தமிழர்களில் பாதிப் பேர் ரக்பி என்று நினைப்பார்கள். மீதிப் பேர் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். அவன் எங்கள் கழகத்தின் குவாட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிபவன். நான் ஓடிப்போய் அதைப் பிடிப்பவன். அந்த வருடம் அவன் எறிந்ததில் என் கைக்கு வந்ததைவிட எதிரணியின் கைக்குப் போனதுதான் அதிகம். "தம்பி ஏன் எப்பவும் மற்ற ரீமுக்கே குடுக்கிறார்?" என்று மைதான ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அங்கிள் ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எப்படியோ தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்துவிட்டோம். ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர் தம்பியிடம் நேராகவே சொன்னார்: இன்றைக்கும் சொதப்பினால் அந்த இடம் வேறொருவனுக்கு. தம்பியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

எங்கள் கைச்சைகைகள் எல்லா அணிகளுக்கும் அத்துப்படி ஆகிவிட்டன. அதனால் அன்று எனக்கு மட்டும் தமிழில் சொல்வது என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். "உள்ளுக்கு வா", "மூலைக்கு ஓடு", அவ்வளவுதான். பரமட்டா ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காது என்று நினைத்து ஊர்வம்பு பேசி மாட்டிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அப்படியும் புத்தி வரவில்லை.

முதல் பாதியில் நான் எங்கே திரும்பினாலும், என்னைக் காவல் காத்த எதிரணிக்காரன் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றான். இரண்டு பந்துகளைப் பறித்தான். இரண்டாவது முறை என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, நமக்கு மதுரை. உங்க தம்பி பேசுறது நல்லாவே புரியுது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் கெட்டோம். இடைவேளையில் தம்பியைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இனித் தமிழ் வேண்டாம். விளங்குதா?"

"ஓம்."

இரண்டாம் பாதியில் ஆங்கிலம் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தோம். கடைசியில் ஒரேயொரு எறிக்குத்தான் நேரம் மிஞ்சியிருந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் யாராவது பிடித்தால் வெற்றி. தவறினால் தம்பியின் கதை முடிந்தது.

அப்போது அந்த மடையன் கத்தினான்: "அண்ணா, மூலைக்கு ஓடு!"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. திரும்பி அவனை முறைத்தேன். பயத்தில் வாய் தவறிவிட்டது என்று நான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்த மதுரைக்காரனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மூலைக்கு ஓடினேன். அவனும் ஓடினான், இன்னொருவனையும் கூவிக் கூட்டிக்கொண்டு. கைகளை நீட்டிக்கொண்டு திரும்பினேன். பந்து என் பக்கம் வரவேயில்லை. நடுவில் தனியாக நின்ற எங்கள் அணிச் சமோவாக்காரன், அந்த வருடம் முழுவதும் தம்பி ஏறிட்டும் பாராதவன், அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தான்.

எல்லோரும் தம்பியைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் அவன் முதுகில் ஓங்கித் தட்டி, இறுதிப் போட்டியிலும் நீதான் என்றார். நான் கடைசி ஆளாகப் போனேன்.

"எனக்கு ஏன்டா முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா உனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, அண்ணா. அந்த மதுரைக்காரன் உன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இழுத்து அணைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பந்தைப் பிடிப்பதற்காகத்தான் நான் அந்த வருடம் முழுவதும் ஓடினேன். அதை அவனிடம் சொல்லவில்லை.