குலசிங்கம் பழுதாக்கித் தந்த வயர்

பஸ்மியாவின் வேலை என்னவென்று கிண்ணியாவில் அவளுடைய தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கணினி திருத்துகிறவள் என்று நினைத்துப் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இது என்ட வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுத் திருத்தியும் கொடுப்பாள். வயது முப்பத்து மூன்று. கிழமையில் இரண்டு நாள் பஸ் ஏறிப் பாலம் கடந்து திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்குப் போவாள். மற்ற நாள்களில், சித்தி பரீதா என்ற பெயர்கொண்ட தன் உம்மாவின் வீட்டு முன்னறையில் இருந்தபடி வேலை. அவளும் கணவர் றிஸ்வியும் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நிறுவனம் செய்வது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். ஒரு கணினியைப் பத்துக் கணினி போல நடக்க வைப்பது அதன் வேலை. உள்ளே ஓடுகிற பத்தும் தமக்கென்று தனிக் கணினி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். நினைவகத்தில் எந்தத் துண்டு யாருக்கு என்று ஹைப்பர்வைசர் ஓர் அட்டவணை வைத்திருக்கும். அந்த அட்டவணையில் சில வரிகள் மட்டும் நினைவகத்தைக் காட்டாமல், நேராக நெட்வேர்க் கார்ட் போன்ற ஒரு சாதனத்தைக் காட்டும்.

சென்ற ஜூலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எழுதினார்: எப்போதாவது ஒரு நாள் பத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாக நின்று விழுந்துவிடுகின்றன, காரணம் தெரியவில்லை. குழுத் தலைவர் லெஸ்லி அந்த முறைப்பாட்டைப் பஸ்மியாவிடம் கொடுத்தார். அலுவலகத்தில் இரண்டு கிழமை முயன்றும் ஒரு தடவைகூட விழவில்லை. அதே கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று பின்னேரம் மூன்றரை மணிக்கு விழுந்தது. அடுத்த நாளும் மூன்றரைக்கு விழுந்தது.

"அது உங்கட வீட்டுக் கரண்ட், பஸ்மியா" என்றார் லெஸ்லி தொலைபேசியில். "மென்பொருளில பிழை இல்லை."

"கணினி யூபிஎஸ்ஸில ஓடுது. அது நிக்கல்ல. ஹைப்பர்வைசர்தான் விழுகுது."

"வீட்டுக் கரண்ட்" என்று எழுதி லெஸ்லி முறைப்பாட்டை மூடினார். பஸ்மியா திறந்தாள். அவர் மூடினார். இப்படி நான்கு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை அவள் திறந்தபோது அவர் களைத்துப்போய் விட்டுவிட்டார்.

லெஸ்லி சொன்னதில் பாதி உண்மை என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப உம்மா மோட்டரைப் போடுவார். போட்டவுடன் முன்னறை விளக்கு ஒரு கணம் மங்கும். நெட்வேர்க் கார்ட் கணினிக்கு வெளியே ஒரு தனிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியின் வயர் யூபிஎஸ்ஸுக்குப் போகாமல் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகியிருந்தது. விளக்கு மங்கும் அரை நொடியில் கார்ட் அணைந்து மறுபடி எழும்பியது. அந்த அரை நொடிக்குள் ஹைப்பர்வைசர் ஏதோ பிழை செய்கிறது. எங்கே என்று பார்ப்பதற்கு இன்னும் பத்துப் பதினைந்து தடவை விழ வேண்டும்.

அன்று இராச்சாப்பாட்டில் மகிழ்ச்சி தாங்காமல் றிஸ்வியிடம் சொன்னாள்: "எல்லாத்துக்கும் நம்மட வீட்டுக் கரண்ட்தான் காரணம்!"

றிஸ்வி மூதூரில் ஆசிரியர், நல்ல மனிதர். ஆனால் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்ததால் அந்த வசனத்தை முறைப்பாடாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பஸ்மியா உவர்மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நகரத்திலிருந்து மின்வேலை செய்யும் குலசிங்கத்தை வரவழைத்தார்.

அவள் வீடு திரும்பியபோது மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அசையவில்லை. கணினி விழவில்லை.

"கரண்டைச் சரிப்பண்ணிப் போட்டன்" என்றார் றிஸ்வி பெருமையாக. "இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

பஸ்மியா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என்ன வேலை செஞ்சீங்க!"

பிளக்கைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பலிக்கவில்லை. கை எவ்வளவு விரைந்தாலும் இரண்டு நொடி ஆகும். அதற்குள் கார்ட் போய்விட்டது என்று கணினிக்கு ஒழுங்காகச் செய்தி போய், எல்லாம் முறைப்படி நடந்துவிடும். அவளுக்கு வேண்டியது அந்த அரைகுறை மங்கல்தான். கடைசியில் குலசிங்கத்துக்கே போன் எடுத்தாள்.

"அண்ணன், நீங்க திருத்தினதைத் திரும்பப் பழுதாக்கித் தாங்க."

அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, நான் முப்பத்தொரு வருசமா இந்த வேலை செய்யிறன். இப்பிடி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. நியூட்ரல் வயர் கழண்டு கருகிப்போய்க் கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டால் வீடு எரியும். ஏலாது."

வைத்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் மத்தியானம் மோட்டர்சைக்கிளில் வாசலுக்கு வந்துவிட்டார். இப்படிக் கேட்கிற பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்க்காமல் அவருக்கு நித்திரை வரவில்லையாம். பஸ்மியா கணினியைக் காட்டி முழுக்கதையையும் சொன்னாள். அவருக்குக் கார்ட் விளங்கவில்லை, அட்டவணை விளங்கவில்லை; லெஸ்லி நான்கு தடவை மூடியது மட்டும் நன்றாக விளங்கியது.

"பார்க்காமலே கரண்டில பிழை எண்டு எழுதினவரோ? கரண்டுக்காரரைக் கேக்காமல்?"

அதற்குப் பிறகு அவர் பஸ்மியாவின் ஆள். வீட்டு வயரில் கை வைக்காமல், தன் பையிலிருந்த மெல்லிய பழைய வயர் அறுபது அடியை முற்றத்தில் சுற்றுச் சுற்றாக விரித்து, மோட்டரையும் கார்ட் பெட்டியையும் ஒரு மேசை விளக்கையும் அதிலேயே இணைத்தார்; மோட்டர் கிளம்பும் கணத்தில் அந்த மெல்லிய வயரில் கரண்ட் தளரும். "இவ்வளவு கேவலமான வேலை நான் செய்ததில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கதிரையைப் போட்டு, சுவிட்சில் கை வைத்தபடி உட்கார்ந்தார். வயர் சுட்டால் உடனே நிறுத்துவது அவர் பொறுப்பு. மோட்டர் போடுவது உம்மாவின் பொறுப்பு.

"போடுங்கோ அக்கா!"

உம்மா போட்டார். விளக்கு மங்கியது.

"விழுந்திட்டு!" என்று பஸ்மியா உள்ளேயிருந்து கத்தினாள்.

பக்கத்து வீட்டு ஜெமீலா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "யாரு விழுந்த? பரீதா ராத்தா, நீங்களா?"

"நான் நல்லா இரிக்கன். கொம்பியூட்டர் விழுந்திருக்கு."

"அதுக்கு ஏன் மகள் சிரிக்கிறா?"

"தெரியா. நாலு மணி வரைக்கும் விழுத்தச் சொல்லியிருக்கா."

பதினாறு தடவை விழுத்தினார்கள். ஒன்பதாவது தடவையே தாங்கி நிரம்பி வழியத் தொடங்கியது. ஜெமீலா வீட்டிலிருந்து இரண்டு வாளியும் துவைக்கிற உடுப்பும் கொண்டுவந்தார். பன்னிரண்டாவதில் முற்றத்துக் கோழிகள் மதில் ஏறின. குலசிங்கம் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வயரைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, "தண்ணியும் கரண்டும்! என்ட குரு கண்டால் உயிரை விட்டிருப்பார்" என்றார்.

பதினாறாவது தடவை பஸ்மியாவுக்குப் பிழை அகப்பட்டது. கார்ட் மங்கும்போது அட்டவணையில் அதற்குரிய வரி அழிந்துவிடும். அது சரிதான். உள்ளே ஓடும் கணினி அந்த இடத்தைத் தொட்டதும் ஹைப்பர்வைசர் அங்கே இருந்தது சாதனம் என்பதை மறந்து, சாதாரண நினைவகம் என்று எண்ணி, இல்லாத ஒரு துண்டைத் தேடிப் போய் விழுகிறது. இது சாதனமா என்று முதலில் கேட்க வேண்டும்; ஆம் என்றால் கார்ட் எழும்பும்வரை பொறுத்து, வரியைத் திரும்ப எழுத வேண்டும். அவ்வளவுதான். பதினொரு வரி. எழுதிவிட்டு, "போடுங்க உம்மா" என்றாள்.

மோட்டர் ஓடியது. விளக்கு மங்கியது. ஒன்றும் விழவில்லை.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை? வயர் பிழைச்சிட்டுதோ?" குலசிங்கம் பதறிக்கொண்டு வயரைத் தடவிப் பார்த்தார்.

"இல்லண்ணன், வயர் சரி. இதுவும் சரி."

அவள் அழுதுவிட்டாள். குலசிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் சுவிட்சை நிறுத்திவிட்டு மேலே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மறுநாள் லெஸ்லி நேரில் வந்தார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்துச் சேற்றைக் கடந்து வந்து, முப்பது தடவை மோட்டர் போட்டுப் பார்த்தார். பிறகு, "நான் எழுதினது பிழை, பஸ்மியா" என்றார்.

"அதை எனக்குச் சொல்லாதேங்கோ. கரண்டுக்குச் சொல்லுங்கோ" என்றார் பக்கத்தில் நின்ற குலசிங்கம், யாரும் தன்னிடம் சொல்லாதபோதும்.

திருத்தத்தைப் பதிவு செய்யும்போது, அதைச் சோதித்தவர்களின் பெயரும் வேண்டும். பஸ்மியா இரண்டு பெயர் எழுதினாள்: சித்தி பரீதா, குலசிங்கம். ஒரு கிழமை கழித்து, அந்த வாடிக்கையாளரின் பொறியியலாளர் சித்தி பரீதாவின் பெயருக்கே, பஸ்மியாவின் முகவரி வழியாக மின்னஞ்சல் எழுதினார். இத்தனை நுட்பமான மின்தளர்ச்சியை எந்தக் கருவியால் உண்டாக்கினீர்கள், அதன் மாதிரி இலக்கம் என்ன என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

பஸ்மியா வாசித்து மொழிபெயர்த்தாள். உம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மோட்டரின் பக்கத்தில் குனிந்து, பாசி பிடித்திருந்த தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அரைக் குதிரை வலு எண்டு போட்டிருக்கு மகள்" என்று அங்கிருந்தே கத்தினார். "இலக்கம் அழிஞ்சிட்டு. வாங்கின கடையும் இப்ப இல்ல எண்டு எழுது."