பிரேக் சார் துப்பாக்கி எடுத்த கதை

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பத்தொன்பது வருடமாக, ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில்தான் அவன் பிழைப்பு. அந்த சீட்டின் காலடியில் அவனுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தால் இவன் அதை மிதிப்பான். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவன் பிரேக் சார். இத்தனை வருடத்தில் அவன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "வண்டியில உன் கால் முந்துது, வீட்டுல உன் வாய் பிந்துது" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பான். பதில் அவ்வளவுதான்.

எதுவும் வேகமாக நடந்தால் அவனுக்கு ஆகாது. கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வாங்க வந்ததை மறந்துவிட்டு வெறுங்கையோடு வருவான். டிவியில் கார் துரத்தல் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான். அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் துப்பாக்கி விளையாட்டு தேடினான் என்றால் அதற்குக் காரணம் மிளகு.

மிளகு அவன் மகள். எடை குறைவாகப் பிறந்தவள். பேச ஆரம்பித்ததும் காரம் தெரிந்தது, பெயர் நிலைத்துவிட்டது. இப்போது பதின்மூன்று வயது. அண்ணனும் அண்ணியும் பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. மிளகு அண்ணியோடு வேறு ஊரில் இருக்கிறாள். சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து வரை அப்பாவோடு போனில் பேசலாம் என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்குப் போதவில்லை. பிறகு அரை மணியானது. இப்போது "ம்", "சாப்பிட்டேன்", "ஹோம்வொர்க் இருக்குப்பா" என்று கால் மணிக்குள் முடிந்துவிடும். போனை வைத்த பிறகும் அண்ணன் அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அவளே சொன்னாள். "அப்பா, சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஷூட்டிங் கேம் ஆடுறாங்க. நீங்களும் வந்தா வாங்க. இல்லன்னா நாம மெசேஜ்லயே பேசிக்கலாமே."

மெசேஜில் அவள் எப்படிப் பேசுவாள் என்று எங்களுக்குத் தெரியும். கட்டைவிரல் படம் ஒன்று வரும். அந்த ஒரு மணி நேரமும் போனால் அண்ணனுக்கு மகள் என்று மிஞ்சுவது அந்தக் கட்டைவிரல்தான்.

மறுநாள் காலையிலேயே என் கடைக்கு வந்தான். செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற கடை. வாடிக்கையாளர் இருவர் நிற்கும்போதே, "ஏய், சுடுற கேம்ல மெதுவா சுடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

"மெதுவா சுடுறதுக்கு அது என்ன ரொட்டியா?" என்றேன்.

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இரவு தூங்கின முகமாக இல்லை.

கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய கேம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்து டிவியில் மாட்டினேன். முதலில் மிளகும் அவள் கூட்டாளிகளும் ஆடுகிற அதே விளையாட்டைப் போட்டேன். பத்துப் பேர் ஒரு சந்துக்குள் ஓடி ஓடிச் சுட வேண்டும். அண்ணன் ஆறு விநாடியில் செத்தான். மறுபடி எழுந்து நாலு விநாடியில் செத்தான். ஒவ்வொரு முறை எதிராளி வரும்போதும் அவன் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. "அண்ணா, அங்க பிரேக் இல்ல, துப்பாக்கிதான் இருக்கு" என்றேன். அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், நாடி எகிறிக்கொண்டிருந்தது. விளையாட்டுதானே என்று சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது ஒரு தீவு. நூறு பேர் இறங்கிக் கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும். இவன் நேராக ஒரு வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு தோட்டா கூடச் செலவழிக்காமல் பதினாலாம் இடம் வந்தான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கோ அந்த இருபது நிமிடமும் கை சில்லிட்டுக் கிடந்தது. எப்போது எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது ஓடுவதைவிட மோசம் என்றான். "இது வேணாம். இதுல அவகிட்ட பேச வாய் வராது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தேடினேன். பேச இடம் கொடுக்கிற விளையாட்டு வேண்டும். எதிரில் மனிதர்கள் இருக்கக் கூடாது. வெறி பிடித்த பிள்ளைகளோடு இவனால் மல்லுக்கட்ட முடியாது. கடிகாரம் ஓடக் கூடாது. நடுவில் நிறுத்தி வைக்க முடிய வேண்டும். மூன்று நாள் கழித்து ஒன்று அகப்பட்டது. இரண்டே பேர் சேர்ந்து ஆடுவது. நீளத் துப்பாக்கியோடு புல்லில் படுத்துத் தவழ்ந்து, தூரத்தில் காவல் சுற்றுகிற பொம்மை வீரர்களை ஒவ்வொருவராகக் குறி வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக் குறி பார்த்தால் காட்சியே மெதுவாகிவிடும். இருப்பதிலேயே சுலபமான நிலையில் வைத்தேன். கன்ட்ரோலர் அதிர்வதை நிறுத்தினேன், ரத்தத்தை அணைத்தேன், வெடிச் சத்தத்தைப் பாதியாக்கினேன். ஹெட்செட் மாட்டினால் காதுக்குள் சுடுகிற மாதிரி இருக்கிறது என்றான். அதனால் மிளகின் குரலை டிவியிலேயே வரும்படி செய்து, இவன் பேச ஒரு சின்ன மைக்கை மேஜையில் வைத்தேன்.

நாலு நாள் காலையில் ஒன்றரை மணி நேரம் பழகினான். முதல் காவல்காரன் விழுந்தபோது "மன்னிச்சுக்கப்பா" என்று பொம்மையிடம் சொன்னான்.

வியாழக்கிழமை மிளகுக்கு எழுதிக் கேட்டான். பதில் வர ஆறு மணி நேரமானது. அதற்குள் அவன் போனை எத்தனை முறை எடுத்துப் பார்த்தான் என்று கணக்கில்லை. 'ஓகே. ஒரே ஒரு தடவை. போரடிச்சா போயிடுவேன்.'

சனிக்கிழமை மூன்றரைக்கே கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். நாலு அடித்தது. நாலு ஐந்து. அவள் வரவில்லை. நாலு எட்டுக்குத் திரையில் இன்னொரு வீரன் முளைத்தான்.

"அத்தையும் அங்கதான் இருக்காங்களா?"

"இருக்கேன்டி, மிளகு."

"அவங்கள கன்ட்ரோலரைத் தொடக் கூடாதுன்னு சொல்லுங்கப்பா. நீங்கதான் ஆடணும்."

இரண்டு பேரும் புல்லில் படுத்தார்கள். ஒரு காவல்காரன் போனான், வந்தான். இன்னொருவன் போனான். "இன்னும் எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?" என்றாள். "கொஞ்சம் பொறுடா, அவன் திரும்பட்டும்" என்றான். கொட்டாவி விடும் சத்தம் டிவியில் பெரிதாகக் கேட்டது. இவள் போய்விடுவாள், போய்விடுவாள் என்று மனசு அடித்துக்கொண்டது.

"போதும்ப்பா, நான் போறேன்" என்று எழுந்து ஓடினாள். விளையாட்டை விட்டு அல்ல, காவல் கூடாரத்தை நோக்கி. சங்கு ஊதியது. நாலு பக்கமும் ஆட்கள் வந்தார்கள். அவளைத் துரத்திக்கொண்டு அண்ணன் பாதி தூரம் வந்துவிட்டான், அதுவரை சரிதான். அவனுக்கு ஐந்தடி முன்னால் அவள் விழுந்தாள்.

"அப்பா சுடுங்க! பக்கத்துல வந்து பட்டனைப் பிடிங்க, நான் எழுந்துடுவேன்! அப்பா!"

அவன் வீரன் நின்றான். சும்மா நின்றான். சுடவும் இல்லை, ஒளியவும் இல்லை. இங்கே கூடத்தில் அண்ணனின் கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அழுத்துண்ணா!" என்று கத்தினேன்.

"அப்பா!"

திரை சிவந்து அணைந்தது. 'தோல்வி' என்று எழுத்து வந்தது.

மணி நாலு இருபத்திரண்டு. முடிந்தது கதை என்று நினைத்தேன். அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"அப்பா." குரல் வேறு மாதிரி இருந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்களா?"

எந்த நாள் என்று எங்கள் இருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி கிளம்பிய நாள். வாசலில் டாக்சி நின்றது. பின்சீட்டில் மிளகு கண்ணாடியை இறக்கி "அப்பா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். இவன் அவள் ஸ்கூல் பையைப் பிடித்தபடி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான். டிரைவர் வந்து பையைக் கேட்டார், கொடுத்தான். வண்டி போனது. பெற்ற மகள் கூப்பிடுகிறாள், மரம் மாதிரி நிற்கிறாயே, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று அன்றைக்கு நான் பேசாத பேச்சில்லை. அவன் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனான்.

"ஆமா" என்றான் இப்போது. "போகாதன்னு சொல்லத்தான் வந்தேன், மிளகு. வாய் தொறக்கல. கை காலு எதுவும் வரல. இப்ப பாத்தியே, அதே மாதிரி" என்றான்.

"நான் போனா உங்களுக்குப் பரவால்லன்னு நெனச்சேன்."

"இத்தனை நாளாவா?"

"ம்."

"ஒரு நாளும் அப்படி நெனச்சதில்லம்மா. ஒரு நாளும் இல்ல."

அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றரை வருடம் ஒரு குழந்தை இதைச் சுமந்திருக்கிறாள், நானும் என் பங்குக்கு அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு அவர்கள் பேசினார்கள். திணறித் திணறித்தான் பேசினான், ஆனாலும் பேசினான். விளையாட்டை மறுபடி தொடங்க இருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தேகாலுக்கு மேல் ஆகியிருக்கும், அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. அண்ணியின் குரல் தூரத்தில் கேட்டது.

"மணியப் பாரு. இன்னும் என்ன கேம் வேண்டிக்கிடக்கு?"

"கேம் இல்லம்மா" என்றாள் மிளகு. "அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்."