பன்னிரண்டு நாற்பதுக்கு எடுக்கப்போன தண்ணீர்

கதை என்று நினைத்து வாசிக்க வேண்டாம். ஹெப்சிபா இன்றைக்கும் ராஜபாளையத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தையல் போட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரும் இருக்கிறார். நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல். 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.

ஹெப்சிபாவுக்கு வேலை தண்ணீரைச் சோதிப்பது. நிறம், வாடை, உப்பு, கிருமி, குளோரின் எல்லாம் பார்த்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழு வருசமாக அதுதான் பிழைப்பு. லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்கு வன்னியம்பட்டி தாண்டி ஒரு ஊரிலிருந்து புகார் வந்திருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். குடிதண்ணீரில் நெடி அடிக்கிறது, பிள்ளைகளுக்குத் தோல் உரிகிறது என்று சண்முகத்தாய் என்ற பெண் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள்.

மணி 12.05. தெருக்குழாயடியில் சண்முகத்தாயே காத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“லாரியில கொண்டாந்து ஊத்துதான் மேடம். துணி வெளுக்கிற பட்டறைக் கழிவு. நம்ம குடிதண்ணிக் கெணத்துப் பக்கத்துலயே. எங்கண்ணால பாத்தேன்.”

“ஆள் யாருன்னு தெரியுமா?”

“தெரியும். தண்ணி கெட்டுப்போச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க. பொறவு நான் பேரைச் சொல்லுதேன்.”

ஹெப்சிபா கிருமி சாகக் குழாய் வாயில் தீயைக் காட்டிவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அறுத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை... பச்சை ரத்தம் மாதிரி. குளோரின் பார்க்கிற சொட்டு மருந்தை விட்டாள். நிறமே மாறவில்லை. புதுக் குப்பி எடுத்து மறுபடியும் விட்டாள். மாறவில்லை. நெடி இருக்கிறது, குளோரின் இல்லை. அவள் அப்படிப் பார்த்ததே கிடையாது.

“டேங்க் மேல ஏறிப் பாக்கணும் அண்ணே,” என்றாள், தண்ணீர் திறந்துவிடுகிற மாரிசெல்வத்திடம்.

அவர் சாவியை நீட்டவில்லை. “மூணு மணிக்கு மேல ஏறுங்க மேடம்.”

“ஏன்?”

“ஒரு வாரமா... உச்சி வேளையில உள்ள சத்தம் கேக்குது.”

ஹெப்சிபா சிரித்தபடி சாவியை வாங்கிக்கொண்டாள்.

12.31. ஏணியில் கால் வைத்தாள். இரும்பு சுட்டது. மேலே போய்ப் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே இருட்டு. அந்த உச்சி வெயிலில், குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது.

கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கினாள். தண்ணீரில் முங்கும்போது களக் களக்கென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை.

தொம்...

உள்ளேயிருந்துதான். கல்லில் தேங்காயை ஓங்கி அடித்தது போல. ஈரமாக.

தொம்... தொம்...

வாட்சைப் பார்த்தாள். 12.40.

கயிறு வெடுக்கென்று கீழே போனது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. கத்தினாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பின்னாலிருந்து தலைமுடியை ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

சிமெண்டு விளிம்பில் அவள் நெற்றி மோதியது.

“சொல்லுவியாட்டி?”

ஆம்பளைக் குரல். காதை ஒட்டி. பீடி நாற்றம்.

மறுபடியும் மோதியது. கண்ணில் ரத்தம் இறங்கியது.

“வெளிய சொல்லுவியாட்டி?”

முகத்தை அந்த ஓட்டைக்குள் அமுக்கியது. கீழே தண்ணீரில் ஒரு பெண் முகம். சதை பிய்ந்து, ரத்தத்தில் முங்கி... அது ஹெப்சிபாவின் முகம் இல்லை.

உதைத்தாள். உருண்டாள். கால் ஏணிக்குப் போனது. வலது கை கம்பியைப் பிடித்தது.

அந்தக் கை மேல் ஒரு குதிகால் இறங்கியது.

மடக்.

மடக்.

மடக்.

மூன்று விரல். மேலே வெறும் வானம்.

அலறலைக் கேட்டு ஏறி வந்த மாரிசெல்வம்தான் பாதி ஏணியில் அவள் இடுப்பைப் பிடித்துத் தோளில் சாய்த்து இறக்கினார். அவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று ஊர் ஆட்கள் அவரைத்தான் அடித்தார்கள். சட்டை கிழிந்து, வாய் உடைந்தது. சண்முகத்தாய் குறுக்கே விழுந்து தடுத்தாள். “இவிய எம்பக்கத்துலதான்யா நின்னாவ! சத்தம் கேட்ட பொறவுதான் மேல ஏறுனாவ!”

ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவரை ஹெப்சிபாவின் தலையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்திருந்ததும் அவள்தான். பதினோரு தையல். விரல்களைப் பார்த்த டாக்டர், “யாரும்மா மிதிச்சது?” என்றார். லாடம் அடித்த செருப்பின் தடம் தோலில் அப்படியே பதிந்திருந்தது.

சாயங்காலம் போலீஸ் வந்தது. மாரிசெல்வம் மேல் பழி விழக் கூடாதே என்று, ஹெப்சிபா கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டார். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள். தொட்டியை இறைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

தெருக்குழாயில் பிடித்த பாட்டில் மட்டும் லேபுக்குப் போனது. பட்டறைக் கழிவு கலந்தது உறுதி. குடிக்கக் கூடாது என்று 22-ஆம் தேதி ரிப்போர்ட் ஊருக்குப் போனது.

25-ஆம் தேதி காலையில் இன்ஸ்பெக்டர் ஹெப்சிபா வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு தாள்.

ஒன்று, சண்முகத்தாயின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே தொட்டிக்குள் கிடந்தாள். நெற்றி உடைந்திருந்தது. வலது கையில் மூன்று விரல் முறிந்திருந்தது. லாடத் தடம். அலறல் கேட்டது பகல் 12.40. லாரிக்காரன் பிடிபட்டு, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். அடிக்கும்போது அவளிடம் கேட்ட கேள்வியையும் சொன்னான்: “வெளிய சொல்லுவியாட்டி?”

மற்றது, ஹெப்சிபாவின் வாக்குமூலம்.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு தேதியிலும் விரலை வைத்துக் காட்டினார்.

“அந்தப் பொம்பள செத்தது முந்தாநாளு,” என்றார். “இதை எப்படிம்மா நீ பதினாலாந்தேதியே சொன்ன?”