குளிரில் வாடை தெரியாது

கொடைக்கானலில் ஒரு சமையல் காண்ட்ராக்ட் செட்டில் பாத்திரம் கழுவும் வேலை எனக்கு. இந்த ஊர்க் குளிரில் எண்ணெய்ப் பிசுக்கு மெழுகு மாதிரி உறைந்துவிடும். உறைந்த கொழுப்பு வாடை அடிக்காது. கழுவுகிற ஆளை ஏமாற்றுவது அதுதான்.

போன தைப்பூசத்துக்கு முன்னால், முருகனுக்கு மாலை போட்டவர்களுக்கு மண்டபத்தில் அன்னதானம். பாயசத்துக்கென்று வாடகைக் கடையிலிருந்து வந்த எவர்சில்வர் அண்டா, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முந்தின நாள் அது எந்த வீட்டுப் பிரியாணிக்குப் போனதோ, யார் கண்டது?

சமையல் மாஸ்டர் பாலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இருங்கண்ணே, வெறுந்தண்ணி ஊத்திக் காய வச்சுப் பாத்துக்கிறேன்."

"அடுப்பு ஏதும்மா காலி? வெரசாக் குடு, சோலி கெடக்கு."

நான் சாம்பாரை இறக்கிவிட்டு அந்த அடுப்பில் அண்டாவை ஏற்றினேன். தண்ணீர் கொதித்ததும் ஆட்டுக்கொழுப்பு வாடை குப்பென்று வந்தது. விளிம்பு மடிப்புக்குள் பிசுக்கு உட்கார்ந்திருந்தது.

மாஸ்டரும் மோந்து பார்த்தார். "ஏலக்கா ரெண்டு பிடி தட்டிப் போட்டாத் தெரியாது. பந்தி உக்காரப் போகுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீட்ல மதினியும் மாலை போட்டிருக்காங்கள்ல? அவங்களுக்கு இதுல காய்ச்சிக் குடுப்பீங்களாண்ணே?"

மாஸ்டர் பாலைக் கீழே வைத்துவிட்டார்.

தண்ணீரில் வாஷிங் சோடாவைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அதை மொண்டு விளிம்பைச் சுற்றி ஊற்றி, குச்சியில் தேங்காய் நார் சுற்றி மடிப்பை நோண்டினேன். பழுப்பாக வந்தது. அந்தத் தண்ணீரைச் சூட்டோடு கொட்டிவிட வேண்டும். ஆறினால் பிசுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளும். மறுபடி வெறுந்தண்ணீர் காய்ச்சினோம். இரண்டு பேரும் மோந்தோம். வாடை இல்லை.

பந்தி முடிந்தும் பாயசம் வரவில்லை. மாலை போட்டவர்களை அழைத்து வந்த குருசாமி அடுப்படிக்கே வந்துவிட்டார். "சாப்பிட்ட கை காயுது. ஒரு பாயசத்துக்கு இம்புட்டு நேரமா? என்ன சமையக்காரங்க நீங்க?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. "கேஸு மக்கர் பண்ணிருச்சு சாமி, மன்னிச்சுக்கங்க."

பாயசம் இறங்கியதும் குருசாமி திட்டிக்கொண்டே குடித்தார். திட்டிக்கொண்டே இன்னொரு டம்ளர் கேட்டார். நான்தான் ஊற்றினேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பளபளப்பைப் பார்த்துப் பாத்திரத்தை நம்பாதீர்கள். வெறுந்தண்ணீர் ஊற்றிக் காய வைத்து மோந்து பாருங்கள். நேரமாகும், திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.