ஒரு முகவரிக்குப் பத்து இணைப்பு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நாமக்கல்லில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மூன்று கிளைகள். இரண்டு சமவெளியில், ஒன்று கொல்லிமலை மேல் தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில். மலைக் கிளைக்கு மட்டும் கூரைமேல் ஆன்டெனா வைத்து இணைப்பு. எல்லோருடைய இணையமும் என் அறையிலிருந்த ஒரே ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் போகும். ஒருவர் பார்த்த பக்கத்தை அது சேமித்து வைத்து, அடுத்தவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கும்.

அது திறக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் கோப்புக்கும் ஓர் எண் வேண்டும். இருந்தவை ஆயிரத்து இருபத்து நான்கு எண்கள். கூட்டம் கூடினால் அவை தீர்ந்துபோய் சர்வர் நின்றுவிடும். வரம்பை உயர்த்தி, மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்க, அதாவது கம்பைல் செய்ய வேண்டும். கெடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால், ஓர் ஐபி முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் பத்து இணைப்புக்கு மேல் கூடாது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். சர்வர் அதற்குப் பிறகு நிற்கவில்லை. மேலாளர் பாராட்டினார்.

அந்த வாரமே மலைக் கிளையின் பொறுப்பாளர் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்.

"சார், ஒரு மிசினு போட்டா ஓடுதுங்க. நாலும் போட்டா பாதியில நின்னு, அனுமதி இல்லைன்னு இங்கிலீசுல காட்டுதுங்க."

"கண்ட சைட்டையும் தொறக்க விட்டா அப்படித்தாம்மா வரும். நீ பசங்களைக் கவனி" என்றேன்.

அவரிடம் நீ என்றுதான் பேசினேன். மாத அறிக்கையிலும், மலைக் கிளையில் வேண்டாத தளங்களைப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பிளஸ் டூ முடிவு வந்த அன்று எடப்புளி நாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே வந்திருக்கிறார்கள். அவர் மூன்று மிசினை நிறுத்திவிட்டு ஒன்றில் மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பொறுமை போனவர்கள் பஸ் ஏறிக் கீழே இறங்கிவிட்டார்கள்.

மறுவாரம் மேலாளர் என்னை மலைக்கு அனுப்பினார். உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே விளங்கிவிட்டது. சமவெளிக் கிளைகளில் மிசினுக்கு ஒரு முகவரி. இங்கே நான்கும் ஒரே முகவரியில்தான் வெளியே வந்தன. அப்படி அமைத்தவனும் நான்தான். ஒரு பக்கத்தைத் திறக்கவே மூன்று நான்கு இணைப்பு வேண்டும்; பத்து இணைப்பை நான்கு மிசின்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்தே சர்வருக்குள் போய் இந்தக் கிளைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தேன். நான்கும் ஓடின.

"என்னங்க சார் ஆச்சு?"

"ஆன்டெனா கொஞ்சம் திரும்பியிருந்துச்சு."

"காலையில நானே ஏறிப் பார்த்தனுங்க. நேராத்தான் இருந்துச்சு."

அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண் வரம்பை உயர்த்தி மென்பொருளை மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பொறுப்பாளர்களுக்கு நாமக்கல்லில் பயிற்சி. ப்ராக்ஸியைப் பற்றியும் அந்தப் பத்து இணைப்புக் கட்டுப்பாட்டைப் பற்றியும் நான்தான் பேசினேன். முடிந்ததும் அவர் எழுந்தார்.

"நாலு மிசினும் ஒரே அட்ரஸ்ல வந்தா அந்தப் பத்தை எப்படிங்க சார் எண்ணும்?"

"நாலையும் சேர்த்துத்தான் எண்ணும்."

"அப்ப அன்னைக்கு ஆன்டெனா இல்லீங்களா?"

மற்ற பொறுப்பாளர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க. தப்பு என்னுது" என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் ங்க சேர்த்துப் பேசினேன்.

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக வந்து சொன்னார்.

"கெட்ட சைட்டு பார்க்க உட்டேன்னு ஆபீசுல இருந்து ஊட்டுக்கு லெட்டர் வந்துச்சுங்க. எங்க ஊட்டுக்காரர்தான் பிரிச்சுப் படிச்சாரு."

அப்படியொரு கடிதம் போனதே எனக்குத் தெரியாது. என் ஒரு வரியிலிருந்து கிளம்பிய கடிதம். மேலாளரிடம் எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்யச் சொல்கிறேன் என்றேன்.

"செய்யுங்க. ரத்து பண்ற லெட்டரையும் ஊட்டுக்கே அனுப்பச் சொல்லுங்க. நான் கொண்டுபோய்க் கொடுத்தா நம்ப மாட்டாருங்க."

அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். கடிதம் போயிற்று. அதன் பிறகும் அவர் வேலை விஷயமாக எனக்குப் போன் செய்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு ஒரு தடவையும் துணிவு வரவில்லை.