கால்சியம் டப்பா

அந்த டப்பா என்னுடைய யோசனைதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வேறு யார் மேலாவது பழியைத் தள்ளும் ஆசை எனக்கு வந்துவிடக் கூடாது.

என் அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் காலை வரிசையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தாள். அப்புறம் இரண்டு தடவை வீட்டில். தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவு ஒன்று. அதன் பிறகு ஆறு வருஷம் ஒன்றுமே வரவில்லை. அவளே மறந்துபோயிருப்பாள், நான்தான் விடவில்லை. அவள் என்னைத் திட்டும்போதெல்லாம், "கரண்ட் ஓவரா பாயுது, போய் மாத்திரையப் போடு" என்பேன். செருப்பு பறந்து வரும்.

கடைசியாக அந்த டாக்டரிடம் போனபோது அவர், "கல்யாணம் முடிவானா முன்னாடியே வந்து சொல்லணும், மறந்துடாதீங்க" என்றார். வெளியே வந்ததும் நான், "பாத்தியா, டாக்டருக்குப் பந்தியில எடம் வேணுமாம்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அம்மாவுக்குப் பஸ் ஏறும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அத்தோடு அதை மறந்துபோனோம்.

மாப்பிள்ளை வந்தார். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ரிட்டயர்டு டீச்சர். எங்கள் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "வலிப்புன்னு வாயத் தொறந்தா ஒருத்தனும் நம்ம வூட்டு வாசப்படி ஏற மாட்டான். கல்யாணம் ஆவட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."

அந்த மெதுவா வரவே இல்லை.

மாமியார் வீட்டில் எல்லார் கண் முன்னாலும் தினம் இரண்டு வேளை மாத்திரையை எப்படிப் போடுவது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் மூளை நன்றாக வேலை செய்யும். ஒரு கால்சியம் டப்பா வாங்கினேன். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வலிப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டேன். நான் வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிறவன். புது ஃபில்டர் வரும் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும். மாத்திரை பிசுபிசுக்காமல் இருக்க அதிலும் ஒன்றைப் போட்டு மூடினேன்.

"மாசா மாசம் நானே வந்து சர்வீஸ் பண்ணித் தரேன். வாரண்டியும் கீது" என்றேன் அக்காவிடம்.

"நீ மட்டும் இல்லன்னா நான் இன்னாடா பண்ணுவேன்" என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு அந்த டப்பா ரொம்பப் பிடித்துப்போனது. பெண்களுக்கு எலும்பு முக்கியம் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். தினமும் காலையில் டப்பாவைத் திறந்து, தன் கையால் ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு மருமகளிடம் நீட்டுவாள். இரவும் அப்படியே. "கால்சியம் போட்டியாம்மா?" என்ற குரலை நான் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். "அத்தை, எனக்கும் ஒண்ணு குடுங்க, எனக்கு எலும்பே இல்லன்னு அம்மா சொல்லுது" என்பேன். "உனக்கு நாக்குலதான் எலும்பு இல்ல" என்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

அக்கா உண்டானாள். மூன்று மாதம் ஆகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம், கண் பட்டுவிடுமாம். அதனால் நாலாம் மாதம் பிறந்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனார்கள். மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அன்று காலேஜில் பரீட்சை டியூட்டி. நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தை பெருமையாகச் சொன்னாள்: "கால்சியம் ஒண்ணுதான் டாக்டர். ஒரு வேளை கூட நான் விட்டதில்ல. இதோ, இவ தம்பிதான் மாசா மாசம் வாங்கியாந்து தரான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "ஆமா டாக்டர், பொறக்கப்போற புள்ள ஸ்டீல் பாடியோட வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா போலிக் ஆசிட் எழுதிக்கொண்டே, "இதெல்லாம் உண்டாகுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்மா, சரி, இப்பவாவது போடுங்க" என்றார்.

ஐந்தாம் மாதம் தாம்பரத்தில் ஸ்கேன். வழக்கமாகப் பத்து நிமிஷம் என்றார்கள், அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். முதுகுத்தண்டு கீழ்ப்பக்கம் மூடவே இல்லை. நரம்பு வெளியே பிதுங்கியிருக்கிறது. தலையிலும் நீர் சேர்ந்திருக்கிறது. பிறந்தால் கால் வராது, மூத்திரம் போவது தெரியாது, தலையில் ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

"எங்க வழியில யாருக்குமே இப்படி இல்லையே டாக்டர்" என்றாள் அத்தை.

"வழின்னு பாத்து வர்றது இல்லம்மா. இந்த ரூம்ல நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல, அதான் உங்களுக்குப் புதுசா தெரியுது."

"எதனாலங்க?" என்று கேட்டார் மாமா.

"நிறைய பேருக்கு ஏன்னே தெரியாது. போலிக் ஆசிட் பத்தாம இருக்கலாம். சுகர் இருக்கலாம். மொத குழந்தைக்கு இருந்தா அடுத்ததுக்கும் கொஞ்சம் பயம்தான். சில மாத்திரையாலயும் வரும், வலிப்பு மாத்திரை மாதிரி."

"அதெல்லாம் இவளுக்கு எதுக்கு" என்றார் மாமா.

என் சட்டையின் முதுகுப்பக்கத்தை அக்கா பிடித்தாள். துணி கிழிகிற மாதிரி பிடித்தாள்.

நாலு நாள் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. பிரசவ வலி வர வைத்துத்தான் எடுத்தார்கள். மாமா மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து, "பையன்" என்றார். குழந்தையைப் பற்றி அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவர் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

என் வேலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நேராக அடுப்படிதான். அங்கே நிற்கும் பெண்களிடம் வாயைக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வது என் வழக்கம். அந்த மாதம் என் வாயிலிருந்து கேலி வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்றேன். அவ்வளவுதான், ஒவ்வொரு அடுப்படியாகத் திறந்துகொண்டது. சேலையூரில் ஒரு அக்கா குரலைத் தாழ்த்தி, தனக்கும் முதல் குழந்தை அப்படித்தான் என்றாள். கேம்ப் ரோட்டில் ஒரு டீச்சரின் தங்கை குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லையாம். நாவலூரில் பன்னிரண்டாவது மாடியில், ஐடி கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், "எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம் அண்ணா, ஒரு காரணமும் கிடைக்கல" என்று அழுதாள். நான் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காரணம் கிடைக்காத அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

தனியாக அந்தப் பழைய நரம்பு டாக்டரிடம் போனேன். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "முன்னாடியே வந்து சொல்லணும்னு சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க சார்."

"குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடுறது மொத மாசத்துல. உண்டாயிருக்கிறதே தெரியாத நேரம். நீங்க லேடி டாக்டர்கிட்ட போய் உக்காந்தப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அந்த ஸ்டீல் பாடி ஜோக் குழந்தையைக் கொல்லவில்லை என்று ஆயிற்று. அதைவிடப் பழைய ஜோக் ஒன்று இருந்தது, டாக்டருக்குப் பந்தியில் இடம் கேட்டது.

"அப்போ இந்த மாத்திரையாலதானா சார்?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. இதைச் சாப்பிட்டு நல்லபடியா பெத்தவங்களும் இருக்காங்க, ஒண்ணுமே சாப்பிடாம இப்படி ஆனவங்களும் இருக்காங்க. ஆனா இது ஆபத்தைக் கூட்டும். அடுத்தது உண்டாகுறதுக்கு முன்னாடி அவங்க இங்க வரணும். மாத்திரையை மாத்தணும், போலிக் ஆசிட்டை அதிகமாக்கணும். பயந்துக்கிட்டு அவங்களா நிறுத்திடக் கூடாது, வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

அக்காவிடம் சொன்னேன். "முடியாது" என்றாள். "இத்தனை நாள் ஏமாத்திட்டு, புள்ளையும் போன பொறவு போய்ச் சொல்லவா? நீயும் வாயத் தொறந்த, நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அந்த வாரமே அத்தை என்னைக் கூப்பிட்டாள். மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு ஜோடியாகக் கூட்டி வருவதாகக் கல்யாணத்துக்கு முன் வேண்டிக்கொண்டாளாம். தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டாளாம். அதனால்தான் குழந்தை போயிற்று என்று ஒரே நினைப்பு. தான் மட்டும் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாகச் சொன்னாள். பைக்கில் கூட்டிப் போனேன். நல்ல வெயில். கல் பாவிய தரை. எண்ணிக்கை தப்பாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை நிழலில் உட்கார வைத்தாள்.

எண்பதைத் தாண்டியதும் அவள் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தாள். தொண்ணூறில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

"அடுத்தது நல்லபடியா நிக்கணும் தம்பி. டப்பா காலியாவுது. இந்தத் தடவ ரெண்டு டப்பாவா வாங்கியா."

"அது கால்சியம் இல்ல அத்தை."

"பின்ன?"

"வலிப்பு மாத்திரை. அக்காவுக்குப் பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து வலிப்பு. நான்தான் டப்பாவ மாத்தினேன்."

அவள் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "கோயில்லயாவது வெளையாட்ட நிறுத்துடா."

"வெளையாட்டு இல்ல அத்தை."

"நீ எப்பவும் மூஞ்ச இப்படித்தான் வெச்சுப்ப."

டூல் பையில் அந்த மாதத்து அட்டைகள் இருந்தன. பிதுக்காதவை. எடுத்து அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பது போல வாயசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். திருப்பிப் போட்டு மறுபடியும் படித்தாள்.

"எவ்ளோ நாளா?"

"கல்யாணத்துலேர்ந்து."

தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். "நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

பிறகு அட்டைகளைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து, மிச்சமிருந்த சுற்றுகளைச் சுற்றப் போனாள். நான் எண்ணவில்லை. திரும்பும்போது என் தோளைப் பிடிக்காமல், பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாமா போனில், "இனிமே வீட்டுப் பக்கம் வராதே" என்று மட்டும் சொன்னார். அக்கா, மாமா, அத்தை மூன்று பேரும் நரம்பு டாக்டரிடம் போனார்கள். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது ஒரு நாள் அடுப்படியில் அக்காவுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். ஆறு வருஷத்துக்கு மேல் வராதது. தலை தரையில் மோதாமல் அத்தைதான் மடியில் பிடித்துக்கொண்டாளாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாதம் அத்தை கூப்பிட்டாள். ஃபில்டரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதாம், வேறு ஆளுக்கு அது பிடிபடவில்லையாம். போனேன். அலமாரியில் மாத்திரைகள் எல்லாம் அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் நின்றிருந்தன. டப்பாவைக் காணோம். அக்கா என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை கூடத்திலேயே நின்றிருந்தாள். அடுப்படிப் படியைத் தாண்டி வரவில்லை.

"மாத்திர போட்டியாம்மா?"

"இதோ போட்டுக்கறேன் அத்தை."

அக்கா டம்ளரிலிருந்து அட்டையைத் தானே எடுத்துத் தானே பிதுக்கினாள். அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபில்டரை மாற்றி மாட்டிவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்துவிட்டேன்.