மதியம் இரண்டரை மணிச் சர்க்கரை

போன ஞாயிறு காலை, மயிலாப்பூர் மாட வீதி மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் சுகர் மெஷின் கேட்டார். மனைவிக்காம். ஆறாவது மாசமாம். கேட்டது கடைக்காரரிடம். பதில் சொன்னது க்யூ.

"பாகற்காய் ஜூஸ் குடு தம்பி, வெறும் வயித்துல" என்றார் ஒரு அம்மா.

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா? புள்ளைத்தாச்சி, ரெண்டு பேருக்குத் துன்னணும். குத்திக் குத்திப் பாத்துக்கினு இருந்தா அதுவே ஏறிக்கும் நைனா" என்றார் இருமல் மருந்து வாங்க வந்த ஆட்டோக்காரர்.

நான் ஒன்றுதான் சொன்னேன் — "டெஸ்ட்டுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க."

மூவரும் என்னைப் பார்த்த பார்வை... பாகற்காய்க்குக் கிடைத்த மரியாதை சோப்புக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஞானம் எனக்குக் கொரோனா ஊரடங்கில் வந்தது. மே மாதம். மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட். மனைவி வித்யாவுக்கு ஏழாவது மாசம், சர்க்கரை கூடியிருந்தது. அடையாறு டாக்டரம்மா வீடியோ காலில் சொல்லிவிட்டார்: "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 120-க்குள்ள இருக்கணும். ஒரு வாரம் பாப்போம். இல்லைன்னா அட்மிட் பண்ணி இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்."

அட்மிட் என்ற சொல்லுக்கு அந்த மே மாதத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். வித்யா அன்று தூங்கவில்லை.

நான் தூங்கினேன். என்னிடம்தான் நோட்டு இருக்கிறதே! பால் பொங்கி வழிந்த தேதியைக்கூடக் குறித்து வைப்பவன் நான். கிழமை, மணி, எடை, எத்தனை கரண்டி, மொட்டை மாடியில் எத்தனை சுற்று — ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

காலை ரீடிங் சரி. இரவும் சரி. பன்னிரண்டரைக்கு அவள் சாப்பிட்டபின் பார்க்கும் மதியம் இரண்டரை மணி மட்டும்... திங்கள் 158. செவ்வாய் 171.

ஆராய்ந்தேன். குற்றவாளி சாதம்தான் என்று தீர்ப்பு எழுதினேன். புதன்கிழமை இரண்டு கரண்டி ஒன்றாயிற்று. வியாழன் அரை. வெள்ளி, வெறும் கீரையும் மோரும். ரீடிங் 176.

"எனக்குத் தெரியாம எதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டேன். ஏழு மாதக் கர்ப்பிணியை. கையில் நோட்டோடு.

"ஆமா. மாடில காயப்போட்ட துணியைத் தின்னேன்."

சிரிக்காமல் சொன்னாள். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறதாம். அதையும் குறித்துக்கொண்டேன். மணி 2.41.

சனிக்கிழமை, அதே இரண்டரை மணிக்கு டாக்டரம்மா வீடியோவில் வந்தார். நோட்டைக் கேமராவில் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு கிலோ இறங்கியிருக்காங்களே... பட்டினி போட்டிருக்கீங்களா சார்? குழந்தை எதைத் தின்னு வளரும்? அவங்களைக் கூப்பிடுங்க. என் முன்னாடி டெஸ்ட் பண்ணட்டும்."

வித்யா கிச்சனிலிருந்து துண்டில் கையைத் துடைத்தபடி வந்தாள். நான் வழக்கம்போல் அவள் கையில் சானிடைசர் பீச்சினேன். காய்ந்ததும் விரலில் குத்தினேன். 179.

"கிச்சன்ல என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

"மாம்பழம் நறுக்கிட்டு இருந்தேன் டாக்டர். இவருக்கு. மீட்டிங் முடிஞ்சு இந்த நேரத்துக்குத்தான் சாப்பிடுவார். தினம் ஒரு பங்கனப்பள்ளி இல்லாம இவருக்குச் சாப்பாடு இறங்காது."

"சார் நறுக்க மாட்டாரா?"

"எனக்குச் சரியா வராது டாக்டர்..." என்றேன்.

டாக்டரம்மா வித்யாவிடம்தான் பேசினார். "சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா. துடைச்சிட்டு வேற விரல்ல பாருங்க."

108.

சானிடைசர் கிருமியைக் கொல்லுமாம். விரலில் ஒட்டிய பழச் சர்க்கரையைப் போக்காதாம். ஆக, திங்கள் முதல் சனி வரை நான் நாள் தவறாமல் அளந்து எழுதியது, என் மாம்பழத்தின் சர்க்கரையை. அதற்குத் தண்டனையாகக் குறைத்தது, அவள் சோற்றை.

அட்மிஷன் இல்லை. இன்சுலின் இல்லை. இரண்டு கரண்டி சாதம் திரும்ப வந்தது. ஜூலையில் மகள் பிறந்தாள், மூன்று கிலோ.

நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. வித்யா தின்ற ஒவ்வொரு கரண்டிக்கும் அதில் கட்டம் உண்டு. நான் தின்ற பழத்துக்கு இல்லை. கண்காணிக்கிறவன் தன்னையும் ஒரு கட்டத்தில் போட்டுக்கொண்டதாக நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த மெடிக்கல் ஷாப் இளைஞருக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதி இது — உங்கள் பழத்தை நீங்களே நறுக்கிக்கொள்ளுங்கள் தம்பி.